பழசை மறக்காத பள்ளிக்கூடம்

பள்ளிப் பிள்ளைகளின் சிக்கல்களைப் பேசும் தொலைக்காட்சித் தொடர் என்றால், அது எவ்வளவு துணிந்து போகிறது என்பதை வைத்தே எடைபோடுகிறோம். போதை வந்ததா, கருக்கலைப்பு வந்ததா, துப்பாக்கி வந்ததா என்று கேட்கிறோம். கனடாவின் டிக்ராஸி தொடர்களை அமெரிக்கச் சேனல் விற்றதும் அப்படித்தான். ‘இட் கோஸ் தேர்’ என்பது அவர்கள் வைத்த விளம்பர வாசகம். மற்றவர்கள் போகத் தயங்கும் இடத்துக்கு இது போகும் என்று அர்த்தம். போனது உண்மை. ஆனால் அந்த இடங்களுக்கு வேறு பல தொடர்களும் போய்விட்டு அடுத்த வாரமே வீடு திரும்பியிருக்கின்றன. டிக்ராஸிக்காரர்கள் அவ்வளவு சீக்கிரம் திரும்புவதில்லை. ஒரு பிள்ளை முதல் சீசனில் செய்த காரியத்தின் கணக்கு ஐந்து வருடம் கழித்தும், சில சமயம் பதினான்கு வருடம் கழித்தும் அந்தப் பள்ளியில் தீராமல் கிடக்கும். இந்தத் தொடரை உயர்த்தியது அந்த ஞாபகம்தான் என்பது என் எண்ணம். அது எழுத்தாளர்களின் நல்ல மனதால் மட்டும் வந்துவிடவில்லை. நடிகர் தேர்விலிருந்து கட்டடம் வரை அவர்கள் வைத்துக்கொண்ட வேலை முறை அதற்கு இடம்கொடுத்தது. அந்த முறையைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டொரொண்டோவின் கிழக்குப் பகுதியில் டி கிராஸி என்று நிஜமாகவே ஒரு தெரு இருக்கிறது. பள்ளி ஆசிரியையான லிண்டா ஸ்கைலரும் படத்தொகுப்பாளரான கிட் ஹுட்டும் ‘பிளேயிங் வித் டைம்’ என்ற சிறு நிறுவனத்தை 1976-ல் தொடங்கினார்கள். 1979-ல் ஒரு சிறுவர் புத்தகத்தை அடிப்படையாக வைத்து அவர்கள் எடுத்த குறும்படம் வளர்ந்து, ‘த கிட்ஸ் ஆஃப் டிக்ராஸி ஸ்ட்ரீட்’ என்ற 26 எபிசோட் தொடராகி, 1986 வரை வந்தது. 1987 ஜனவரி 18 அன்று கனடாவின் சி.பி.சி. தொலைக்காட்சியில் ‘டிக்ராஸி ஜூனியர் ஹை’ தொடங்கியது. மூன்று சீசன், 42 எபிசோட். அதன் தொடர்ச்சியாக 1989 முதல் 1991 வரை ‘டிக்ராஸி ஹை’, 28 எபிசோட். 1992 ஜனவரியில் ‘ஸ்கூல்ஸ் அவுட்’ என்ற தொலைக்காட்சிப் படத்தோடு அந்தத் தலைமுறையின் கதை முடிந்தது. 2001 அக்டோபர் 14-ல் சி.டி.வி.யில் ‘த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ ஆரம்பித்து 2015 வரை 385 எபிசோட் ஓடியது. 2016-லும் 2017-லும் ‘நெக்ஸ்ட் கிளாஸ்’ 40 எபிசோட் வந்தது. எல்லாம் கூட்டினால் ஐந்நூறைத் தாண்டும்.

முதலில் வயது. ஜூனியர் ஹை ஒளிபரப்பான நாளில் ஜோயி ஜெரமையாவாக நடித்த பாட் மாஸ்ட்ரோயானிக்கு 15 வயது. வீல்ஸாக வந்த நீல் ஹோப்புக்கும் ஸ்நேக்காக வந்த ஸ்டெஃபான் புரோக்ரனுக்கும் 14. ஸ்பைக்காக நடித்த அமாண்டா ஸ்டெப்டோவுக்கு 16. மூன்றே முக்கால் வருடம் கழித்து 1990 அக்டோபரில் அமெரிக்காவில் ‘பெவர்லி ஹில்ஸ், 90210’ தொடங்கியபோது, பள்ளி மாணவியாக நடித்த கேப்ரியல் கார்டெரிஸுக்கு 29 வயது. இந்த வித்தியாசம் வெறும் நம்பகத்தன்மைக்காக இல்லை. இருபத்தொன்பது வயது உடம்பில் ஒரு முத்தம் வெறும் முத்தம். பதினான்கு வயது உடம்பில், பருவும் பல்கம்பியும் உடைந்த குரலுமாக நிற்கும் ஒருவனிடம், அதே முத்தம் ஒரு கேள்வி. இவனுக்கு இதைத் தாங்கும் பக்குவம் வந்துவிட்டதா என்று பார்ப்பவர் மனம் தானாகவே கேட்டுக்கொள்கிறது. வசனத்தில் எச்சரிக்கையே எழுத வேண்டாம்.

ஆனால் பிள்ளைகளை வைத்து வேலை செய்வதில் இரண்டு பெரிய தொல்லைகள். ஒன்று, நடிப்புப் பயிற்சி இல்லாததால் வசனம் தட்டையாக வரும். ஜூனியர் ஹையின் முதல் எபிசோட்களைப் பார்த்தால் அது காதில் விழும். சிலர் பாடம் ஒப்பிப்பதுபோல் பேசுகிறார்கள். இதற்கு அவர்கள் கண்ட வழி, தொழில்முறை நடிகர்களைத் தேடாமல் டொரொண்டோ பிள்ளைகளில் ஐம்பதுக்கும் மேற்பட்டோரைத் தேர்ந்தெடுத்து, ஒரு நாடகக் குழு மாதிரி வைத்துக்கொண்டு, பட்டறை நடத்திப் பழக்கியது. இந்த வாரம் முக்கியப் பாத்திரமாக வந்தவர் அடுத்த வாரம் நடைபாதையில் பின்னால் நடந்துபோவார். திரைக்கதையைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிப்பார்கள். “நாங்க இப்படிப் பேசமாட்டோம்” என்று ஒரு பிள்ளை சொன்னால் அந்த வரி மாறும். வாக்கியங்கள் குட்டையாயின. நீளமான உருக்கப் பேச்சு அரிதாயிற்று. பயிற்சியில்லாத வாயில் நிற்கக்கூடியது குட்டை வாக்கியம்தான்.

இரண்டாவது தொல்லை நேரம். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களை ஒரு நாளைக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்க முடியாது. படப்பிடிப்புக்கு நடுவே பாடமும் நடத்தியாக வேண்டும். ஒரே ஒரு கதாநாயகனை வைத்து எழுதிய தொடர் இதில் மாட்டிக்கொண்டு திணறும். பத்துப் பேர், இருபது பேர் மேல் கதையைப் பரப்பி எழுதினால், ஒருவர் வகுப்பில் இருக்கும்போது இன்னொருவர் காட்சியை எடுத்துக்கொண்டே போகலாம். எல்லாருக்கும் ஒரு முறை வரும் என்ற டிக்ராஸியின் குணத்துக்கு இந்த நடைமுறை வசதியும் நன்றாகவே ஒத்துழைத்தது. இன்னொரு பலனும் உண்டு. பின்னால் நடந்துபோகும் முகங்கள் ஐந்து வருடமும் அதே முகங்களாக இருப்பதால், ஒருத்தியைப் பற்றி வதந்தி கிளம்பும்போது அதைக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். கூலிக்கு வந்த துணை நடிகர் கூட்டம் திரும்பிப் பார்த்தால் அவ்வளவு வலிக்காது.

அடுத்தது, யார் கண்ணால் பார்ப்பது என்ற விஷயம். முதல் தலைமுறைத் தொடர்களில் பெரியவர்கள் பிள்ளைகளின் சிக்கலைத் தீர்த்துவைப்பதில்லை. தலைமையாசிரியர் லாரன்ஸை ஜூனியர் ஹையில் ஒரு ஆளாக நாம் சந்திப்பதே இல்லை. ஒலிபெருக்கியில் வரும் குரல்தான் அவர். வகுப்பில் மிஸ்டர் ராடிச் இருக்கிறார், மிஸ் ஏவரி இருக்கிறார். அவர்கள் அக்கறையுள்ளவர்கள், கண்டிப்பானவர்கள், சில சமயம் தவறாகவும் புரிந்துகொள்பவர்கள். பிள்ளை கதவைத் தட்டினால் திறப்பார்கள். அதற்கு மேல் முடிவு பிள்ளையுடையது.

முதல் எபிசோடிலேயே இது தெளிவாகிவிடுகிறது. ஸ்டெஃபனி கே என்ற எட்டாம் வகுப்புப் பெண் அம்மாவுக்குப் பிடித்த மாதிரி அடக்கமாக உடுத்திக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்புகிறாள். பள்ளிக்கு வந்ததும் நேராகக் கழிவறை. பையிலிருந்து இறுக்கமான மேல்சட்டை, உதட்டுச் சாயம். வெளியே வரும்போது வேறொருத்தி. மாணவர் தலைவர் தேர்தலில் நிற்கிறாள், முத்தம் கொடுத்து ஓட்டுச் சேர்க்கிறாள், ஜெயிக்கிறாள். அவளுக்காக உழைத்த தோழி வூலா மனம் உடைந்து விலகுகிறாள். எந்த ஆசிரியரும் ஸ்டெஃபனியை உட்காரவைத்து அறிவுரை சொல்வதில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போகும் முன் சாயத்தை அழித்துப் பழைய உடைக்குத் திரும்ப வேண்டும், அவ்வளவுதான். கழிவறைக் கண்ணாடி முன்னால் நடக்கும் அந்த உடை மாற்றம் ஒரு எபிசோடோடு முடிவதும் இல்லை. பார்க்கிறவர் மெதுவாகத்தான் புரிந்துகொள்கிறார், இவளுக்கு எந்த உடையிலும் நிம்மதி இல்லை என்று.

அதே பள்ளியில் யிக் யூ இருக்கிறான். தென்கிழக்காசியாவிலிருந்து அகதியாக வந்த குடும்பத்துப் பையன். தமிழ் வாசகருக்கு இந்த இடம் கொஞ்சம் நெருக்கமானது. 1986 ஆகஸ்டில்தான் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அருகே உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழர்களைக் கனடிய மீனவர்கள் மீட்டார்கள். தொடர் தொடங்கியது அதற்கு ஐந்து மாதம் கழித்து. யிக் போன்ற ஒரு பையன் தலைப்புச் செய்தியாக இல்லாமல், வீட்டுப்பாடம் எழுதாமல் மாட்டிக்கொள்ளும் சாதாரண வகுப்புத் தோழனாகத் திரையில் வந்த காலம் அது.

இனி ஞாபகத்துக்கு வருகிறேன். ஸ்பைக்கின் கதையில் தொடங்கலாம். கிறிஸ்டீன் நெல்சன் என்பது அவள் பெயர். நட்டுக்கொண்டு நிற்கும் தலைமுடியால் ஸ்பைக் என்று பேர். பதினான்கு வயதில், எட்டாம் வகுப்பில், ஒரு விருந்தில் ஷேன் என்ற பையனோடு சேர்ந்து கர்ப்பமாகிறாள். ‘இட்ஸ் லேட்’ என்ற அந்த எபிசோட் 1987-ல் சர்வதேச எம்மி விருது பெற்றது. வழக்கமான தொடராக இருந்தால் இந்த இடத்தில் மூன்று வழிகளில் ஒன்றைப் பிடிப்பார்கள். பரிசோதனை தவறு என்பார்கள், கரு தானாகக் கலைந்துவிடும், அல்லது பெண் வெளியூருக்குப் போய்விடுவாள். மூன்றுமே எழுத்தாளருக்கு வசதி, அடுத்த வாரம் பழைய நிலைக்குத் திரும்பலாம். டிக்ராஸியில் ஸ்பைக் பிள்ளை பெற்றாள். எம்மா என்று பெயர் வைத்தாள். வயிறு தெரியத் தெரிய அதே நடைபாதையில் நடந்தாள், பிறகு கைக்குழந்தையோடு படிப்பைத் தொடர்ந்தாள். ஷேன் ஒரு இசை நிகழ்ச்சிக்குப் போய், போதை மாத்திரை எடுத்துக்கொண்டு, பாலத்திலிருந்து விழுந்து மூளையில் அடிபட்டுப் பழைய ஷேனாகத் திரும்பாமலே போனான்.

அந்தக் குழந்தைதான் பின்னால் ஒரு புதுத் தொடருக்கே காரணமானாள். தலைமை எழுத்தாளர் யான் மூர் வருடங்களை எண்ணிப் பார்த்தபோது, புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் எம்மா ஜூனியர் ஹைக்குப் போகும் வயதில் இருப்பாள் என்பது தெரிந்தது. ‘த நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ இப்படிப் பிறந்தது. அதன் முதல் கதையில், இணையத்தில் பழகிய ஒரு ‘பையனை’ப் பார்க்க எம்மா தனியாகக் கிளம்புகிறாள். அங்கே காத்திருப்பவன் பெரிய ஆள். மகளைப் பற்றிப் பதறும் தாய், பதினான்கு வருடத்துக்கு முன்னால் நாம் பதறிய அதே ஸ்பைக், அதே நடிகை.

வீல்ஸின் கதை இன்னும் கடினமானது. ஜோயி, ஸ்நேக், வீல்ஸ் மூவரும் ஒரு பாட்டுக்குழு வைத்திருக்கும் நண்பர்கள். ஜூனியர் ஹையின் மூன்றாம் சீசன் தொடக்கத்தில், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவனால் வீல்ஸின் வளர்ப்புப் பெற்றோர் இருவரும் சாகிறார்கள். அனுதாபம் ஒரு மாதம் நிற்கும். பிறகு? தாத்தா பாட்டி வீடு, படிப்பில் சரிவு, பொய், திருட்டு, நண்பர்களின் பொறுமை மெல்ல மெல்லக் கரைவது. இதை மூன்று வருடத்துக்கு இழுத்து எழுதினார்கள். ‘ஸ்கூல்ஸ் அவுட்’ படத்தில் பள்ளி முடிந்த கோடைக்காலம். வீல்ஸ் குடித்துவிட்டு வண்டியை எடுக்கிறான், பக்கத்தில் பள்ளித் தோழி லூசி. விபத்தில் எதிர் வண்டியில் இருந்த ஒரு சின்னக் குழந்தை இறக்கிறது. லூசிக்குப் படுகாயம். குடிகாரனால் அநாதையானவன் குடிகாரனாகி இன்னொரு குடும்பத்தை அழிக்கிறான். அவனை மன்னித்துவிடுங்கள் என்றும் படம் சொல்வதில்லை, வெறுத்துவிடுங்கள் என்றும் சொல்வதில்லை. 2001-ல் நடக்கும் பழைய மாணவர் சந்திப்புக்கு லூசி கைத்தடியோடு வருகிறாள்.

இப்படி எழுதுவதற்கு ஒரு நடைமுறைக் கஷ்டம் உண்டு. பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள், பள்ளிக்கூடம் முடிந்துவிடும். ஜூனியர் ஹை முடிந்து எல்லாரும் வேறு வேறு உயர்நிலைப் பள்ளிக்குப் பிரிந்தால் சேர்த்துவைத்த ஞாபகம் சிதறிப்போகும். அதற்கு அவர்கள் கண்ட வழி முரட்டுத்தனமானது, ஆனால் வேலை செய்தது. மூன்றாம் சீசன் கடைசியில் பள்ளிக் கட்டடம் தீப்பற்றி எரிகிறது. அடுத்த வருடம் கூட்டம் மொத்தமும் டிக்ராஸி ஹையில். 2001 தொடருக்கு வேறு ஏற்பாடு. டொரொண்டோவின் பார்ட்லி டிரைவில், முன்பு அச்சகமாக இருந்த கட்டடத்தை ஸ்டூடியோவாக்கி அதற்குள் பள்ளிக்கூடத்தையே கட்டினார்கள். லாக்கர் வரிசையும் படிக்கட்டும் கழிவறையும் நிரந்தரமாக நின்றதால், ஒரு மாணவன் சுடப்பட்ட நடைபாதையில்தான் அடுத்த சீசனின் காதல் காட்சியும் நடக்கும். எழுத்தாளர் நினைவூட்ட வேண்டியதில்லை, இடமே நினைவூட்டும்.

அந்தத் துப்பாக்கிச் சூட்டைச் சொல்லும் ‘டைம் ஸ்டாண்ட்ஸ் ஸ்டில்’ என்ற இரண்டு பாகக் கதை 2004-ல் வந்தது. அதன் வேலைப்பாட்டை நிதானமாகப் பார்க்க வேண்டும். ரிக் மர்ரி என்ற மாணவன் முந்தைய சீசனில் தன் காதலி டெரியை அடித்தவன். அவன் தள்ளிவிட்டதில் அவள் கோமாவுக்குப் போனாள். அவன் பள்ளிக்குத் திரும்பி வரும்போது யாரும் வரவேற்கவில்லை. வெறுப்பதற்கு அவர்களுக்கு நியாயமான காரணம் இருக்கிறது. அந்த நியாயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுமையாகிறது. வினாடி வினாப் போட்டி மேடையில் அவன் ஜெயிக்கும் நேரத்தில் மேலேயிருந்து மஞ்சள் வண்ணமும் இறகுகளும் கொட்டுகின்றன. செய்தவர்கள் ஸ்பின்னர், ஜே, அலெக்ஸ் என்ற மாணவர்கள். ரிக் வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியோடு திரும்புகிறான். கழிவறையில் அவன் இருப்பது தெரிந்தே ஜேயும் ஸ்பின்னரும், இதற்கெல்லாம் மூளை ஜிம்மிதான் என்று ஒரு பொய்யைப் பேசுகிறார்கள். ஜிம்மியோ அன்றைக்கு ரிக்கிடம் கனிவாக நடந்துகொண்ட வெகுசிலரில் ஒருவன். நடைபாதையில் ரிக் ஜிம்மியைச் சுடுகிறான். குண்டு முதுகில். பிறகு எம்மாவை நோக்கித் துப்பாக்கியை நீட்டும்போது ஷான் என்ற மாணவன் பாய்ந்து பிடிக்க, கைகலப்பில் ரிக்கே சாகிறான்.

மற்ற தொடர்களில் இதோடு சீசன் முடியும். இங்கே சீசனின் நடுவில் வைத்தார்கள். மிச்ச எபிசோட்கள் எல்லாம் கடன் அடைப்பதற்கு. ஷான் ஊரை விட்டுப் பெற்றோரிடம் போய்விடுகிறான். எம்மா தன் உடம்பைப் பற்றியே அக்கறையில்லாதவளாகி ஜேயோடு பழகி நோய்த்தொற்று வாங்கிக்கொள்கிறாள். ஸ்பின்னரின் பொய் வெளியே வந்ததும் நண்பர்கள் அவனை விட்டு விலகுகிறார்கள், பள்ளியும் வெளியேற்றுகிறது. கூடைப்பந்தாட்டக் கனவோடு இருந்த ஜிம்மி சக்கர நாற்காலியில். ஜிம்மியாக நடித்த ஆப்ரி கிரஹாமை உலகம் இப்போது டிரேக் என்ற பாடகராக அறியும். சுட்டவன் ஒருவன்தான், ஆனால் நடைபாதையில் நின்ற ஒவ்வொருவரும் தாம் செய்ததில் ஒரு பங்கைச் சுமக்கிறார்கள். ரிக்கை அரக்கனாகவும் காட்டவில்லை, அப்பாவியாகவும் காட்டவில்லை. முந்தைய சீசனில் டெரிக்கு நடந்ததை எழுதிவைத்திருந்ததால்தான் இது முடிந்தது. புதிதாக ஒரு பையனைக் கொண்டுவந்து மூன்று எபிசோடில் சுடவைத்திருந்தால் அது வெறும் சம்பவமாகப் போயிருக்கும்.

தற்கொலையைக் கையாண்ட விதமும் இதே பள்ளியில் கற்ற பாடம்தான். டிக்ராஸி ஹையில் வந்த ‘ஷோடைம்’ இரண்டு பாகம். கெய்ட்லின் என்ற மாணவியின் பழைய காதலன் கிளாட் பள்ளியிலேயே உயிரை மாய்த்துக்கொள்கிறான். கழிவறையில் அவனைக் கண்டுபிடிப்பது ஸ்நேக். இரண்டாம் பாகம் மிச்சமிருப்பவர்களுக்கானது. கெய்ட்லினுக்குக் குற்றவுணர்வும் அதைவிட அதிகமாகக் கோபமும். ஸ்நேக்குக்குப் பேசவே முடியவில்லை. இறந்தவன் யாரையும் ஜெயிக்கவில்லை, யாருக்கும் பாடம் புகட்டவில்லை. 2013-ல் ஐஸ் ஹாக்கி வீரனான கேம்ப்பெல் சாண்டர்ஸின் கதையிலும் மரணம் திரைக்கு வெளியேதான் நடக்கிறது. அப்போது அந்தப் பள்ளியின் முதல்வர் யார் தெரியுமா? ஆர்ச்சி சிம்ப்சன், அதாவது ஸ்நேக். கழிவறையில் நண்பனைக் கண்ட அதே பையன். அதே நடிகர்.

ஒப்பிட ஒரு தொடரைச் சொல்ல வேண்டும். நெட்ஃபிளிக்ஸில் 2017 மார்ச் 31-ல் வந்த ‘13 ரீசன்ஸ் ஒய்’, இறந்துபோன பெண் விட்டுச்சென்ற ஒலிநாடாக்கள் வழியாக, அவளைக் காயப்படுத்தியவர்களுக்குக் கணக்குச் சொல்கிறது. மரணக் காட்சியை ஏறக்குறைய மூன்று நிமிடம் நேராகக் காட்டினார்கள். அந்த ஏப்ரலில் அமெரிக்காவில் 10 முதல் 17 வயது வரையினரிடையே தற்கொலை விகிதம் 28.9 சதவீதம் கூடியிருந்ததை 2019-ல் ஒரு மருத்துவ ஆய்வு பதிவு செய்தது. தொடர்தான் காரணம் என்று ஆய்வு அறுதியிட்டுச் சொல்லவில்லை. 2019 ஜூலையில் காட்சியை நீக்கினார்கள். எனக்குக் காட்சியைவிடக் கட்டமைப்புதான் பெரிய பிழையாகப் படுகிறது. இறந்தவள் எபிசோடுக்கு எபிசோட் பேசிக்கொண்டே இருக்கிறாள். எல்லாரும் கேட்கிறார்கள், வருந்துகிறார்கள். செத்தால்தான் கேட்பார்கள் என்று ஏங்கும் ஒரு பிள்ளைக்கு அது எந்த வாக்குறுதியைத் தருகிறது என்று யோசிக்க வேண்டும். ‘ஷோடைம்’ அந்த வாக்குறுதியைத் தரவில்லை. கிளாட் போனபின் கதையை நடத்துவது அவன் குரல் அல்ல.

சரி, ஒரு எபிசோட் எப்படிக் கட்டப்படுகிறது? விளம்பரம் போக அரைமணி நேர நிகழ்ச்சியில் இருபத்திரண்டு நிமிடம் சொச்சம்தான் கையில். திரைக்கதையில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்பது பொதுக் கணக்கு. ஆக இருபத்திரண்டு பக்கம். ‘நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ காலத்தில் பெரும்பாலும் கனமான கதை ஒன்று, நடுத்தரமானது ஒன்று, சில எபிசோட்களில் சிரிப்புக்கான மூன்றாவது இழை. கனமானதற்குப் பாதி இடம் கொடுத்தாலே பதினொரு பக்கம்தான். பதினொரு பக்கத்தில் ஒரு புதுப் பாத்திரத்தை அறிமுகப்படுத்தி, அவருக்கு ஒரு நோயையோ வன்முறையையோ கொடுத்து, தீர்த்தும் வைக்க முடியாது. முயன்றால் அறிவுரைப் படமாகிவிடும். அதனால் இந்த வேலை தெரிந்தவர்கள் விஷயத்திலிருந்து தொடங்குவதில்லை. ஏற்கெனவே வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையிலிருந்து தொடங்குவார்கள். அவன் மறைப்பது என்ன? அதை முதலில் கண்டுபிடிக்கும் பிள்ளை யார்? பள்ளி நேரத்துக்குள், கையில் காசும் வண்டியும் இல்லாத ஒருவன் அதற்கு என்ன செய்ய முடியும்? எபிசோட் முடியும்போது எது தீராமல் நிற்கிறது? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் அந்தக் கதையை இன்னும் எழுதத் தொடங்கக் கூடாது.

1990-ல் எச்.ஐ.வி. பற்றி எழுதியபோது அவர்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். ட்வெய்ன். ஜோயியைத் துரத்தித் துரத்தி அடித்த முரடன். பார்ப்பவருக்கு அவன்மேல் ஒரு துளி அன்பும் இல்லாத நேரத்தில் அவனுக்குத் தொற்று இருப்பது தெரியவருகிறது, அதுவும் ஒரு பெண்ணோடு பழகியதால். பாவப்பட்ட ஒருவனுக்கு வந்தால் அனுதாபம் எளிது. பிடிக்காதவனுக்கு வந்தால் என்ன செய்வீர்கள் என்பதுதான் அங்கே கேள்வி, அந்தக் கேள்வி ஜோயியின் தலையில் விழுகிறது. 2010-ல் திருநம்பி மாணவன் ஆடம் டோரஸின் கதையைச் சொன்ன ‘மை பாடி இஸ் எ கேஜ்’ பீபடி விருது பெற்றதும் நியாயமே. ஆடமுக்குச் சகோதரன் இருந்தான், நண்பர்கள் இருந்தார்கள், குறும்பு இருந்தது.

அதே ஆடமை 2013-ல் அவர்கள் இழந்த விதம் எனக்கு இன்றும் ஒப்பவில்லை. வண்டி ஓட்டும்போது கைப்பேசியில் செய்தி அனுப்பி, விபத்தில் இறக்கிறான். வண்டியில் கைப்பேசி ஆபத்து என்ற பாடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு யாரைக் கொல்லலாம் என்று தேடியது மாதிரி இருந்தது. அவன் வாழ்க்கையில் இருந்த எந்த இழையோடும் அந்த மரணம் சேரவில்லை. பிற்காலத்தில் இது அடிக்கடி நடந்தது. 2010-ல் பத்தாவது சீசனின் முதல் பகுதியை வாரத்தில் நான்கு நாள், லத்தீன் அமெரிக்க நெடுந்தொடர் பாணியில் ஒளிபரப்பினார்கள். தினமும் ஒரு திடுக்கிடல் வேண்டியிருந்தது. ஒருத்திக்கு இன்று நடந்ததற்கு அவள் அழுது முடிப்பதற்குள் பக்கத்து லாக்கர்காரிக்கு வேறொன்று. ஞாபகம் ஊறுவதற்கு இரண்டு சம்பவங்களுக்கு நடுவே ஒன்றுமே நடக்காத வாரங்கள் வேண்டும். பழைய தொடர்களில் அது இருந்தது. பட்டம் பெற்ற பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பல்கலைக்கழகத்துக்குக் கதையைக் கொண்டுபோனதும் தளர்ச்சியைத் தந்தது. விடுதி அறையில் நண்பர்களைத் தேர்ந்தெடுக்கலாம். பள்ளியில் பிடிக்காதவனோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்தாக வேண்டும். இந்தக் கதைகளுக்கு அந்தக் கட்டாயம்தான் உயிர்.

தணிக்கையையும் சொல்ல வேண்டும், எந்தப் பிரதியைப் பார்க்கிறீர்கள் என்பது அதைப் பொறுத்தது. 2004 தொடக்கத்தில் கனடாவில் வந்த ‘ஆக்சிடென்ட்ஸ் வில் ஹேப்பன்’ கதையில், மேனி சாண்டோஸ் என்ற மாணவி கர்ப்பமாகி, யோசித்து, கருக்கலைப்பு செய்துகொள்கிறாள். அமெரிக்காவில் தொடரை வாங்கியிருந்த ‘த என்’ சேனல் அதை நிறுத்திவைத்து 2006-ல்தான் காட்டியது. மேனி அதற்காகத் தண்டிக்கப்படவில்லை, செத்துப்போகவில்லை, நான் செய்தது எனக்குச் சரி என்று நின்றாள். அவர்களை உறுத்தியது அதுவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

புதிதாகப் பார்ப்பவர்கள் 385 எபிசோடைக் கண்டு மலைக்க வேண்டாம். ஜூனியர் ஹையில் முதல் எபிசோட், ‘இட்ஸ் லேட்’, மூன்றாம் சீசனில் வீல்ஸ் பெற்றோரை இழக்கும் ‘கான்ட் லிவ் வித் எம்’ இரண்டு பாகம், பிறகு டிக்ராஸி ஹையில் ‘ஷோடைம்’, கடைசியாக ‘ஸ்கூல்ஸ் அவுட்’. இந்த வரிசை முடிந்தபிறகுதான் 2001-ன் முதல் கதையைத் தொட வேண்டும். மாற்றிப் பார்த்தால், சந்திப்புக்கு வரும் முப்பது வயதுக்காரர்கள் வெறும் பெற்றோராகத்தான் தெரிவார்கள். ‘நெக்ஸ்ட் ஜெனரேஷனில்’ மூன்றாம், நான்காம் சீசன்களை விட்டுவிட்டுத் தாண்டாமல் முழுதாகப் பாருங்கள், ரிக்கின் கதைக்கு அது அவசியம். பத்தாவது சீசனிலிருந்து வேண்டியதைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பதாக இருந்தால் ‘ஷோடைம்’, ‘டைம் ஸ்டாண்ட்ஸ் ஸ்டில்’ இரண்டையும் இரண்டு பாகமும் ஒரே அமர்வில் பாருங்கள். முதல் பாகத்தோடு அணைத்துவிட்டு ஒரு வாரம் விடுவது நல்லதல்ல.

இன்னும் ஒன்று. டிக்ராஸி ஹையின் முதல் கதை ‘எ நியூ ஸ்டார்ட்’, 1989. இரட்டையரில் ஒருத்தியான எரிகா கருக்கலைப்பு முடிவெடுக்கிறாள், ஒப்புக்கொள்ள முடியாத மற்றவள் ஹெதர் கடைசியில் அவளோடு துணைக்குப் போகிறாள். மருத்துவமனை வாசலில் எதிர்ப்பாளர்கள் கூடி நிற்க, அக்கா தங்கை இருவரும் அவர்களுக்கு நடுவே நடந்துபோகும் கடைசிக் காட்சியை அமெரிக்காவின் பி.பி.எஸ். தொலைக்காட்சி வெட்டிவிட்டது. உங்களுக்குக் கிடைத்த பிரதி அந்த வாசலுக்கு வராமலே முடிந்தால், அது வெட்டிய பிரதி. கனடாவில் ஒளிபரப்பானதைத் தேடி எடுத்துப் பாருங்கள்.